அம்மா மறுபடி எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார், எங்கிருந்து தொடங்குவது?

#1 கீரனூரான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் தம்பியைக் கொண்டுபோய் விட பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போவாராம், அப்புறம் அப்படியே ஆட்டைப் பத்திக்கொண்டு கிளம்பிவிடுவாராம். அவ்வளவுதான் அவருடைய படிப்பு. 1991ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு 29, எனக்கு அஞ்சு. மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்து ராத்திரி வகுப்பு நடக்கும். அவர் சிலேட்டில் எழுத எழுத நான் எச்சில் தொட்டு அழித்துவிடுவேன் என்று இன்றைக்கும் திட்டுவார். ஆனாலும் கற்றுக்கொண்டார். பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பார், மாமாவுக்கு நாலு வரி கடிதம்கூட ஒருமுறை எழுதியிருக்கிறார்.

இப்போது எதுவும் இல்லை. கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

போன மாதம் ஒரு வங்கிக்குக் கூட்டிப்போனேன். கையெழுத்துப் போட்டார். பழைய மாதிரியோடு சேரவில்லை என்றார்கள். மறுபடி போட்டார், கை நடுங்கியது, இன்னும் மோசமாக வந்தது. பின்னால் வரிசை. கவுன்ட்டரில் இருந்தவர் சத்தமாக, "கைநாட்டே வச்சிடும்மா" என்று சொல்லி மிஷினை நீட்டினார். அதிலும் விரல் விழவில்லை. நாற்பது வருஷம் களை பறித்த விரல், ரேகை எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. கையெழுத்தும் சேரவில்லை, ரேகையும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும், "ஒரு சிலேட்டு வாங்கிட்டு வாடா" என்றார்.

நான் கடைக்குப் போய் எல்.கே.ஜி. புத்தகம் வாங்கிவந்தேன். முதல் பக்கம் அ - அணில், ஆ - ஆடு. பார்த்துவிட்டு, "ஆட்டை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று மூடிவைத்துவிட்டார். அதோடு நிற்கிறது. எப்படித் தொடங்குவது, யாராவது சொல்லுங்கள்.

#2 நெட்டிலிங்கம்

தப்பாக நினைக்காதீர்கள் நண்பரே, ஆனால் 63 வயதில் எதற்கு இந்தச் சிரமம்? போனில் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, பேசினால் அதுவே தட்டச்சு செய்கிறது, எழுதியதைப் படித்துக்காட்டுகிறது. என் பெரியம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். வங்கியில் புதுக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளச் சொல்லி ஒரு விண்ணப்பம் கொடுத்தால் முடிந்தது.

#3 பெட்ரோமாக்ஸ்

கீரனூரான் தம்பி, உங்கள் அம்மா உட்கார்ந்த மாதிரியான திண்ணைகளில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன், எதிர்ப்பக்கம். 1991ல் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண் நான். அறிவொளியில் தொண்டர். சம்பளம் எல்லாம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லாரும் கஞ்சி குடித்து முடித்து வந்தபிறகு வகுப்பு.

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தேசிய எழுத்தறிவு இயக்கத்தை மத்திய அரசு 1988ல் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அந்தச் சூட்டில்தான் தமிழ்நாட்டிலும் மாவட்டம் மாவட்டமாக வந்தது. எங்களுக்கு ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஒரு அரசுத் திட்டத்துக்கு ஊரே தெருக்கூத்து, பாட்டு, ஊர்வலம் என்று கிளம்பியதை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே, அ ஆ இ ஈ என்று ஆரம்பிக்காதே என்பதுதான். குழந்தைக்குப் பேச்சையும் உலகத்தையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதனால் அணில் வேண்டும். முப்பது வயதுப் பெண்ணுக்கு உலகம் தெரியும், பேச்சு நம்மைவிட நன்றாகவே வரும், தெரியாதது கோடு மட்டும்தான். அதனால் அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற ஒரு சொல்லை எடுக்க வேண்டும். பட்டா, படி, கூலி மாதிரி. முதலில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேச்சு. பட்டா யார் பேரில் இருக்கிறது, ஏன் உன் பேரில் இல்லை? சண்டையே வரும். அதற்கப்புறம்தான் அந்தச் சொல்லை எழுதிக் காட்டி, எழுத்தெழுத்தாகப் பிரித்து, பிரித்த எழுத்துகளை வைத்து வேறு சொல் கட்டுவது. இப்படி மூன்று புத்தகம் முடிக்க வேண்டும்.

அதனால் உங்கள் அம்மா அந்த அணில் புத்தகத்தை மூடியது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

#4 கணக்குப்பிள்ளை

பெட்ரோமாக்ஸ் அக்கா எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் எதிராகப் பேசியாக வேண்டும். கீரனூரான் அம்மா விஷயத்திலேயே பாருங்கள், மூன்று புத்தகம் படித்தவருக்கு இன்று ஒன்றும் நினைவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்றால் 7 வயதுக்கு மேற்பட்டவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். கையெழுத்து மட்டும் தெரிந்தவர் அதில் சேர மாட்டார். இவரை மாதிரி எத்தனை பேர் அன்று "கற்றவர்" கணக்கில் ஏறிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் இறங்கியிருப்பார்கள்?

1991ல் தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 51 சதவீதம்தான், 2011ல் 73க்கு மேல். இந்த உயர்வு திண்ணையில் வந்தது என்று நான் நம்பவில்லை. 1982ல் சத்துணவு வந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அவர்கள் பெரியவர்கள் ஆனார்கள், எண்ணிக்கை ஏறியது. வளர்ந்தவர்களுக்கு வயதுவந்தோர் கல்வி என்று செலவு செய்வதைவிட அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு இன்னொரு முட்டை போடலாம் என்பேன்.

#5 பெட்ரோமாக்ஸ்

எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், அதில் எனக்கு வீம்பு இல்லை. மறந்துபோனார்கள் என்பதும் உண்மை. மூன்று புத்தகம் முடிந்தபின் அவர்கள் கையில் படிக்க என்ன இருந்தது? கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடைப் பலகை, சுவர் விளம்பரம். வீட்டில் உட்கார்ந்து அச்செழுத்தைப் பார்த்தால் "பெரிய கலெக்டரம்மா" என்று கேலி. புழங்காத எழுத்து துருப்பிடிக்கத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் சைக்கிளை விட்டுவிட்டீர்கள். அறிவொளி வகுப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தோம், இது கலெக்டரம்மா பிடித்த பிடி. அதற்கு முன் எங்கள் ஊரில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் அவள் வீட்டு வாசலில் பேச்சு வரும். ஆறு மாதத்தில் பேச வாய் இல்லை, ஏனென்றால் பேசுகிறவர் வீட்டுப் பெண்ணும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்தது, ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதுதான் வேண்டும் என்று கேட்டே வாங்கினார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! குடம் கட்டித் தண்ணீர் எடுத்தார்கள், வேலை முடிந்து பேருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தார்கள். அதே சமயத்தில் கல் உடைக்கிற பெண்களின் குழுக்களுக்கே குவாரி குத்தகை கொடுத்தார்கள், கூலியாக இருந்தவர்களுக்கு லோடு கணக்கைத் தானே பார்க்க வேண்டிய நிலை வந்தது. அப்படிப் போனவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் எழுத்தை மறக்கவே இல்லை. கணக்கு நோட்டு கையில் இருந்தது, மறந்தால் காசு போகும்.

தம்பி, அம்மாவுக்கு சைக்கிள் மறந்துவிட்டதா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

#6 கீரனூரான்

சைக்கிளா, போன வருஷம் வரைக்கும் ஓட்டினார் அக்கா, முட்டி வலி வந்தபிறகு நான்தான் பிடுங்கிவைத்தேன். அந்தக் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து போன ஆள் நான். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, அவர் அன்று கற்றுக்கொண்ட இரண்டில் எது தினமும் தேவைப்பட்டதோ அது நின்றிருக்கிறது.

#7 ஓய்வுடீச்சர்

நான் 34 வருஷம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுத்தவள். சண்டையில் நான் வரவில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கண்ணாடி. நாற்பது தாண்டினாலே கிட்டப் பார்வை மங்கும், 63 வயதில் கண்ணாடி இல்லாமல் சிலேட்டைப் பார்த்தால் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். "மறந்துபோச்சு" என்று சொல்கிற பாதிப் பேருக்கு உண்மையில் தெரிவதே இல்லை, அதைச் சொல்ல வெட்கம். வங்கியில் கை நடுங்கியதற்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். கண் பரிசோதனை செய்யாமல் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து, அவர் கையெழுத்தில் இருக்கிற எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்குக் கையெழுத்து ஒரு கோலம். புள்ளியில் தொடங்கி வளைத்துக் கொண்டுவந்து முடித்துவிடுவார்கள், நடுவில் ஒரு எழுத்தைக் காட்டி இது என்ன என்றால் தெரியாது. அந்தக் கோலத்தை எழுத்தாகப் பிரிப்பதுதான் உங்கள் முதல் பாடம்.

247 எழுத்து என்று அட்டவணையைச் சுவரில் மாட்டிவிடாதீர்கள், பார்த்தாலே மலைப்பாக இருக்கும். 12 உயிர், 18 மெய், கொஞ்சம் துணையெழுத்து, இவ்வளவுதான் சங்கதி. கால், கொம்பு எல்லாம் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே உருவம். உகர ஊகார வரிசைதான் தொல்லை, கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இன்னொன்று, கெ, கே, கை இவற்றில் கொம்பு முன்னால் வரும், சத்தம் பின்னால் வரும். குழந்தைகள் இதில் தடுமாறுவதைவிடப் பெரியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் நியாயம் கேட்பார்கள். "முன்னாடி எழுதிட்டு ஏன் பின்னாடி சொல்லணும்?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டது, பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

(1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது நமக்கு நல்லதாய்ப் போயிற்று. லை, னை எல்லாம் துதிக்கை வைத்து எழுதிய கை என்னுடையது, இன்றும் அவசரத்தில் அப்படித்தான் வரும், பேத்தி சிரிக்கிறாள்.)

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதை உட்காரவையுங்கள். மகனிடம் தப்புச் செய்ய வெட்கப்படுவார்கள், பேத்தியிடம் வெட்கம் இல்லை.

#8 லயத்துப்பொடியன்

வணக்கம், நான் ஹட்டன் பக்கம். எங்கள் ஆட்களில் பலபேருடைய பூட்டன் பூட்டி திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்தவர்கள்தான், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் 1945லேயே கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அது தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை, ஒரே மாஸ்டர், அஞ்சாம் வகுப்போடு சரி. அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். என் அப்பாயி அதற்கெல்லாம் முந்தின ஆள், பத்து வயதில் கொழுந்து எடுக்கப் போனவர்.

அப்பாயிக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் இலக்கம் தெரியும். எப்படித் தெரியுமா, கொழுந்து நிறுக்கிற இடத்தில் எழுதுகிற கிலோ சரியா என்று பார்க்க. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தராசையும் கணக்கப்பிள்ளை எழுதுவதையும் பார்த்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டார். குறைத்து எழுதினால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். ஒருநாள் கேட்டாராம், "அய்யா, அந்த ஏழு ஒண்ணு மாதிரி இருக்கே" என்று. அதற்குப் பிறகு அவருடைய கூடைக்கு ஒழுங்காக எழுதினார்களாம். நம்பிக்கையான கதையா, அவரே ஊதிப் பெருக்கியதா தெரியாது, நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

#9 நெட்டிலிங்கம்

சரி, அப்பாயி கதைக்கு முன்னால் என் வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் அடி வாங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு எழுத்தறிவைத் தூக்கிப் பிடிக்கிறோமே, நான் எம்.காம்., கடைசியாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து ஆறு வருஷம் இருக்கும். படித்தவன் எதைக் கிழித்துவிட்டான்?

#10 டீக்கடைபெஞ்சு

நெட்டி, அது உங்கள் பிரச்சினை, எழுத்தின் பிரச்சினை இல்லை 😀

என் அப்பா மூன்றாம் வகுப்பு. லோடுமேன். தினமும் காலையில் டீக்கடையில் தினத்தந்தி. சி.பா.ஆதித்தனார் 1942ல் மதுரையில் அதைத் தொடங்கியபோதே பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ், சின்னச் சின்ன வாக்கியம் என்று வைத்துக்கொண்டது சும்மா இல்லை, எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான். ஒருவர் சத்தமாகப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள், படிக்கத் தெரியாதவர்கூட கொட்டை எழுத்துத் தலைப்பை அடையாளம் பிடித்துவிடுவார். பள்ளிக்கூடம் அப்பாவுக்கு மூன்று வருஷம்தான் சொல்லிக்கொடுத்தது, பெஞ்சு நாற்பது வருஷம். கீரனூரான் அம்மாவுக்கு அந்த பெஞ்சு கிடைக்கவில்லை, ஏன் என்றால் டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்கார முடியாது. ஆண்கள் மறக்காமல் இருந்ததற்கும் பெண்கள் மறந்ததற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

#11 கணக்குப்பிள்ளை

பெஞ்சு விஷயம் நான் யோசிக்காதது. சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து மட்டும் தெரிவது சில சமயம் கைநாட்டைவிட ஆபத்து. கைநாட்டு வைக்கிறவரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டுவார்கள், ஒப்புக்காவது. கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கத் தெரியும் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், அவரும் இல்லை என்று சொல்ல மாட்டார். எங்கள் சித்தி இப்படித்தான் ஒரு குழுக் கடனில் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜாமீன் என்று தெரியாமலே போட்டுவிட்டு இரண்டு வருஷம் தவணை கட்டினார். கடன் கொடுத்தவர்களைக் கேட்டால், "கையெழுத்து உங்களுதுதானே?" என்றார்கள். அதனால் கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ரூபாய், வட்டி, தவணை, ஜாமீன், தேதி. இந்த அஞ்சு சொல்லும் முதல் மாதத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

விரல் வைக்கிற கதையில் ஒரு கூத்து. கைநாட்டு என்று ஒரு காலத்தில் திட்டினோம், 2020லிருந்து ரேஷன் கடையில் பட்டதாரியும் விரல்தான் வைக்கிறார். அதில் விழாமல் போவது யாருடைய விரல் என்று பாருங்கள், கல் உடைத்த விரலும் நாற்று நட்ட விரலும்தான்.

#12 கீரனூரான்

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கண்ணாடி போட்டாயிற்று. டீச்சர் சொன்னது சத்தியம். போட்டதும் காலண்டரைப் பார்த்து, "இதுல இவ்வளவு பொடி எழுத்து இருக்கா?" என்றார். கையெழுத்துச் சோதனையும் செய்தேன். அம்மா பேர் முத்துக்கண்ணு. 'ண்' எங்கே என்று கேட்டால் மொத்தத்தையும் விரலால் சுற்றிக் காட்டினார். கோலமேதான். அதைப் பிரிக்க இரண்டு வாரம் ஆனது. பேரிலேயே மு, து, ணு என்று உகரமாக வந்து தொலைத்ததில் கடைசிக்குத் தள்ள வேண்டியது முதல் நாளே வந்துவிட்டது, டீச்சர் மன்னிக்கணும்.

அப்புறம் பெட்ரோமாக்ஸ் அக்கா சொன்னபடி, என்ன படிக்க வேண்டும் என்று அவரையே கேட்டேன். பட்டாவோ வங்கிச் சீட்டோ சொல்வார் என்று பார்த்தால், "உங்கப்பா மாத்திரை அட்டை" என்றார். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரை கொடுக்கிறவர் அம்மா. இத்தனை வருஷமாக நிறத்தைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார், கடைக்காரர் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் நிறம் மாறும், அன்றைக்கெல்லாம் பயந்துகொண்டே கொடுப்பாராம். எனக்கு இது தெரியாது. அட்டையில் இருப்பது ஆங்கிலம், அதனால் டப்பாக்களில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதி ஒட்டி அதையே பாடமாக வைத்தோம். என் மகள்தான் டீச்சர். அடிக்க ஸ்கேல் எல்லாம் வைத்திருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை அண்ணன் கொடுத்த அஞ்சு சொல்லில் நாலு வந்துவிட்டது. ஜாமீன் மட்டும் வரவில்லை, ஜா-வைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்.

#13 ஓய்வுடீச்சர்

கிரந்த எழுத்து எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'பிணை' என்று எழுதிக் கொடுங்கள், பத்திரங்களிலும் அது வரும். ஸ்கேலைப் பிடுங்கி வையுங்கள்.

#14 பெட்ரோமாக்ஸ்

முத்துக்கண்ணு அக்காவிடம் திண்ணை வகுப்பில் இருந்த ஒருத்தி விசாரித்தாள் என்று சொல்லுங்கள் தம்பி. வேறு கிராமம்தான், இருந்தாலும் சொல்லுங்கள்.

#15 கீரனூரான்

சொன்னேன் அக்கா. "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

நேற்று திருச்சிக்கு கண் டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனேன். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைப் போட்டவர் கழற்றவே இல்லை. வழியெல்லாம் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, எல்லாரும் அமைதியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, உரக்க எழுத்துக்கூட்டி, "மூ... ல... ம், ப... வு... த்... தி... ர... ம்" என்று முழுசாகப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பவுத்திரம்னா என்னடா?" என்றார். முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். விடவில்லை, டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டி அதில் எழுதித் தரச் சொல்கிறார்.